எடைக்குப் போடாத வண்டி

வண்டியூரில் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டம் இருக்கிறது. பந்தய மாடுகளை விற்று எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அங்கே நிற்பது ஒரு கார். கதவு கிடையாது, கூரை கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. ஒரே ஒரு ஆள் உட்காரலாம். 2012-இல், பொறியியல் கடைசி வருஷத்தில், நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து செய்தது. மாணவர் போட்டிக்காகச் செய்த கார். போட்டி முடிந்ததும் வைக்க இடமில்லை என்று கல்லூரியில் சொன்னார்கள். பெரியப்பாவிடம் கேட்டேன். "ஓரமா நிப்பாட்டு, மாடு மிரளாம பாத்துக்க" என்றார்.

போன மாதம் அண்ணன் ஃபோன் செய்தார். கொட்டத்தை இடித்துவிட்டு வீடு கட்டப்போகிறார்களாம். "தைக்குள்ள எடுத்துரு தம்பி. இல்லாட்டி பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேக்குறான், குடுத்துரலாம். ஆனா முன்னூறு கிலோகூடத் தேறாதுங்கிறான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்னூறு கிலோவைத் தாண்டிவிடக் கூடாது என்றுதான் ஒரு வருஷம் முழுக்கத் தூக்கம் கெட்டோம். அதற்கான பாராட்டு பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய இரும்புக்காரரிடமிருந்து வந்தது.

எடை குறைந்தால் வேகம் வரும் என்பதை நான் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. பெரியப்பா பந்தய மாடு வளர்த்தவர். எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. மாடு எதுவானாலும் வண்டி ஒரே மாதிரிதான் இருக்கும். நெல் மூட்டை ஏற்றும் வண்டியையும் பந்தய வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், ரெண்டும் ஒரே சாதி என்று நம்ப முடியாது. பந்தய வண்டியில் பாரம் ஏற்றும் தட்டு இல்லை, பக்கக் கம்புகள் இல்லை. ரெண்டு சக்கரம், ஒரு அச்சு, ஏர்க்கால், ஆள் குந்த ஒரு சின்ன இடம். அவ்வளவுதான். ஆசாரியிடம் வண்டி செய்யக் கொடுத்துவிட்டு பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "இந்தக் கட்டை எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆசாரியால் பதில் சொல்ல முடியாத கட்டை வண்டியில் இருக்காது.

இதே கேள்வியை 1948-இல் லண்டனில் ஒரு இருபது வயது இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார். காலின் சாப்மன், யுனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்தவர். காதலி வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில், ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து, தன் முதல் காரைச் செய்தார். 1952-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957-இல் லோட்டஸ் செவன் வந்தது. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த சட்டகம், அதன் மேல் அலுமினியத் தகடு, முன்னால் ஃபோர்டின் சாதாரண 1172 சிசி எஞ்சின். நாற்பது குதிரைத் திறன்தான். ஆனால் காரின் எடை ஐநூறு கிலோவுக்கும் கீழே.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. எஞ்சினின் பலத்தைக் கூட்டினால் நேர்ப்பாதையில் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் கூடும். வேகம் எடுக்கும்போது எஞ்சின் இழுக்க வேண்டியது குறைவு, வளைவில் டயர் பிடித்துவைக்க வேண்டியது குறைவு, நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் குறைவு. டயரும் பிரேக் பேடும் கூடுதல் நாள் உழைக்கும். கையில் காசு கம்மியாக உள்ளவன் ரேஸ் ஓட்ட நினைத்தால் அவனுக்கு இருக்கும் ஒரே வழி இதுதான்.

லோட்டஸ் செவன் பரவியதற்கு இன்னொரு காரணம் வரி. அப்போது பிரிட்டனில் புதுக் கார் வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. எனவே பெட்டிகளில் காரை அனுப்பினார்கள். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், பிரிக்கும் முறையை அச்சிட்டுக் கொடுத்துக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த ஓட்டை அடைபட்டது. அதே வருஷம் செவன் காரின் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கியது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கார் இன்னும் விற்பனையில் இருக்கிறது. வார நாளில் ஆபீஸ் போகிறவர்கள் சனிக்கிழமை ரேஸ் தடத்துக்கு அதையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு வரியின் சந்துக்குள் அங்கே ஒரு பண்பாடே வளர்ந்தது. அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது?

1952-இல் கோவையில் ஜி.டி. நாயுடு ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை ரெண்டாயிரம் ரூபாய். பஸ் கம்பெனி நடத்தியவர், மின்மோட்டார் செய்தவர், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். ஆனால் 1951-இல் வந்த தொழில்கள் சட்டத்தின்படி, எதை யார் தயாரிக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் தில்லிக்குப் போயிருந்தது. அரசு லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றுவிட்டது. சாப்மன் நிறுவனம் தொடங்கிய அதே வருஷம் இது. கோவைக்கும் லண்டனுக்கும் இருந்த வித்தியாசம் மூளையிலோ பட்டறையிலோ இல்லை. அங்கே தனி ஆள் ஒரு கார் செய்வதைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டது. இங்கே அதற்குக் கையெழுத்து வேண்டியிருந்தது.

ரோட்டில் வழி இல்லாததால் ஆசை வேறு இடம் தேடியது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. கல்லூரிப் பையன்களும் மெக்கானிக்குகளும் மகாராஜாக்களும் ஒரே ஓடுதளத்துக்கு வந்தார்கள். பணம் இருந்தவர்கள் வெளிநாட்டுக் காரை இறக்கினார்கள். மற்றவர்களுக்கு ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பின் சீட்டைக் கழற்றி, கம்பளத்தைப் பிய்த்து, தேவையில்லாத இரும்பை அறுத்து எறிந்தார்கள். ஆசாரியிடம் பெரியப்பா கேட்ட அதே கேள்வி. பிற்பாடு பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் வந்தது. பிரிட்டனின் ரிலையண்ட் கிட்டன் காரின் இந்திய வடிவம், 848 சிசி எஞ்சின், ஃபைபர் கிளாஸ் உடம்பு. குடும்பங்கள் அதை அவ்வளவாக வாங்கவில்லை. ரேஸ்காரர்கள் வாங்கினார்கள். எடை கம்மி என்பது அவர்களுக்குத்தான் புரிந்தது.

இந்த வரிசையில் எனக்கு முக்கியமானவர் கோவையின் எஸ். கரிவர்தன். தொழிலதிபர், ரேஸ் ஓட்டுபவர், கார் வடிவமைப்பாளர். எல்லோரும் அவரைக் 'கரி' என்றே அழைத்தார்கள். 1983-இல் மாருதி 800 வந்த பிறகு, அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் ஊர் ஊராகக் கிடைக்க ஆரம்பித்தது. எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவார். கரி அந்த எஞ்சினைக் குழாய்ச் சட்டகத்தில் வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் கார் செய்தார். பெயர் ஃபார்முலா மாருதி. உலக அளவில் அது வேகமான கார் இல்லை. ஆனால் எல்லாக் காரும் ஒரே மாதிரி. உதிரி பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும். உடைந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஜெயிப்பது யார் என்பதை அப்பாவின் பணத்தைவிட ஓட்டுபவரின் கையும் காலும் முடிவு செய்யும். நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில்தான் ஆரம்பித்தார். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

என் கணக்கில் ஃபார்முலா மாருதிதான் நம் லோட்டஸ் செவன். சாதாரண காரின் எஞ்சின், குழாய்ச் சட்டகம், தேவையில்லாத எதுவும் இல்லை. ஒரே வித்தியாசம், அதைப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டி ரோட்டில் ஓட்ட முடியாது. வேலிக்கு உள்ளேதான் அதற்கு உயிர்.

1995-இல் கரி ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் ரேஸ் தடம் திறந்தபோது அவர் பெயரையே வைத்தார்கள். எங்கள் காரை 'குட்டி யானை'யில் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் நாங்கள் ஓட்டியதும் அங்கேதான். வருஷத்துக்கு ஒருமுறை, ரெண்டுமுறை. நாலு பேர் பணம் போட்டு, தடம் கிடைக்கிற நாளில் போவோம்.

ஒரு நாள் ஓட்டுவதற்கு எத்தனை நாள் வேலை தெரியுமா? பிரேக் ஆயிலை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து, பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எங்களுடையது பைக் எஞ்சின். வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்திருந்தோம். அது இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செயின் தளர்வு, வீல் பேரிங் ஆட்டம், டயர் காற்று. முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைப்போம். கோடு விலகியிருந்தால் போல்ட் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். சாஃப்ட்வேர் வேலையில் சனிக்கிழமை கிடைப்பதே கஷ்டம். கிடைத்த சனிக்கிழமைகளில் பாதி இந்தக் கோடுகளைப் பார்ப்பதில் போனது.

2015-இல் ஒருமுறை கோவை கிளம்புவதற்கு முந்தின நாள், எல்லாம் பார்த்து முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா வந்தார். அச்சாணி பார்ப்பது மாதிரி குனிந்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை ஓட்டினார். சஸ்பென்ஷன் கம்பியைச் சட்டகத்தோடு பிடிக்கிற பட்டை இருக்கும் இடம். ஸ்பேனரை எடுத்து ரெண்டு பக்கத்தையும் மாறி மாறித் தட்டினார். "சத்தம் வேற மாதிரி கேக்குதுல்ல? இங்கிட்டு வந்து பாரு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில், பெயிண்டுக்கு நடுவில், முடி கனத்தில் ஒரு துருக்கோடு. விரிசல். வெல்டிங் என்னுடையது.

அடுத்த நாள் நான்தான் முதலில் ஓட்டுவதாக இருந்தது.

மெலிந்த வண்டியில் தப்புக்கு இடமில்லை. கனமான காரில் ஒரு பட்டை விட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்று தாங்கும். இதில் ஒவ்வொரு குழாயும் அதற்கான வேலையை மட்டும் செய்கிறது. சாப்மனின் கார்களுக்கும் இந்தக் கெட்ட பெயர் இருந்தது. 1970-இல் மோன்சாவில் லோட்டஸ் ஓட்டிய யோகன் ரிண்ட், முன் பிரேக்கின் ஷாஃப்ட் உடைந்து இறந்தார். அந்த வருஷத்து உலகச் சாம்பியன் பட்டம் இறந்த பிறகுதான் அவருக்கு வந்தது.

அந்தத் துருக்கோட்டைப் பார்த்த பிறகு சட்டத்தை முன்பு மாதிரி என்னால் திட்ட முடியவில்லை. இங்கே ஒரு வாகன மாடலை விற்க வேண்டும் என்றால் அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் அது தேற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றிய வண்டிக்குப் பதிவு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. ரோட்டில் எதிரே வருபவர் என் வெல்டிங்கை நம்பி வீட்டிலிருந்து கிளம்பவில்லை. அது நியாயம்தான்.

ஆனால் வேறு வழியே இல்லையா? பிரிட்டனில் வீட்டில் செய்த ஒற்றைக் காரைக்கூட அதிகாரி முன்னால் நிறுத்தி, பிரேக், விளக்கு, கூர்மையான விளிம்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தேறினால் பதிவு தருகிறார்கள். எங்கள் மாணவர் போட்டியிலும் அதுதான் நடந்தது. காரை அறுபது பாகை சாய்த்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். பிரேக் அடித்தால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று பார்த்தார்கள். வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இந்தச் சோதனைகளில் தேறி வெளியே வருகிறார்கள். பிறகு என்னைப் போல லேப்டாப்புக்கு முன்னால் உட்காருகிறார்கள். அவர்கள் செய்த கார்கள் ஏதாவது ஒரு கொட்டத்தில் நிற்கின்றன. வேண்டாம் என்று சொல்லும் கையெழுத்து 1952-இலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கொண்டுவா, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிற மேசைதான் இன்னும் வரவில்லை.

மார்கழி கடைசி ஞாயிறு வண்டியூர் போனேன். பழைய குழுவில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவனுக்கு ஒத்தக்கடைப் பக்கம் சின்ன ஷெட் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றான். டயரில் காற்று இல்லை, உருட்ட முடியவில்லை. மூலைக்கு ஒருவராக நாலு பேரும் பிடித்து மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். வந்துவிட்டது. குட்டி யானைக்காரர், "என்ன சார், காரைக் கட்டில் மாதிரி தூக்குறீங்க" என்றார்.

பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். இப்போது நடை தளர்ந்துவிட்டது. வண்டியின் பின்பக்கம் போய், 2015-இல் அறுத்தெடுத்துவிட்டு அவருக்குத் தெரிந்த வெல்டரிடம் புதிதாக வைத்த பட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். ஸ்பேனர் கேட்டார். கொடுத்தேன். தட்டினார். அந்தப் பக்கமும் தட்டினார்.

"சத்தம் சரியா இருக்கு. கொண்டு போங்க" என்றார்.