ஒழுக்கப் பட்டியலில் ஒரு வரி

கிறித்தவ விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு அந்தத் தாள் தெரியும். சேருகிற அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். குடிக்கக்கூடாது, சிகரெட் பிடிக்கக்கூடாது, சினிமாவுக்குப் போகக்கூடாது, இத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் யார்? ‘ஒழுக்கம்னு சொல்றாங்க, இருந்துட்டுப் போகட்டும்’ என்று போட்டுவிடுகிறோம். அப்படியொரு ஒழுக்கப் பட்டியலின் நடுவில் இனவெறி ஒரு வரியாக உட்கார்ந்திருந்த வரலாறு இது. நடந்தது அமெரிக்காவில். ஆனாலும் நமக்கு அந்நியமான கதையல்ல.

பாப் ஜோன்ஸ் என்ற வெள்ளைப் பிரசங்கியார் 1927இல் ஃபுளோரிடாவில் ஒரு கல்லூரி தொடங்கினார். 1947இல் அது தென் கரோலினாவின் கிரீன்வில் நகருக்கு வந்து பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் ஆயிற்று. மது, புகை, நடனம், ராக் இசை, சினிமாக் கொட்டகை எல்லாம் அங்கே விலக்கு. ஆணும் பெண்ணும் தொட்டுப் பேசக்கூடாது. கறுப்பர்களுக்கோ உள்ளே நுழையவே இடமில்லை.

1960 பிப்ரவரியில் பக்கத்து வட கரோலினாவில் நான்கு கறுப்பு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். போராட்டம் தெற்கெங்கும் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஜோன்ஸ் வானொலியில் பேசினார்: இனங்கள் பிரிந்திருப்பதே தேவ சித்தமாம். ஆதாரம், அப்போஸ்தலர் 17:26. எல்லா இனத்தாரும் ஒரே இரத்தத்தால் ஆனவர்கள் என்று தொடங்குகிற வசனம் அது. குடியிருப்புக்கு எல்லை குறித்ததாக வரும் பின்பாதியை மட்டும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்றே மாதத்தில், அதே கிரீன்வில் பொது நூலகத்துக்குள் போய் உட்கார்ந்ததற்காக எட்டு கறுப்பு மாணவர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் ஜெஸ்ஸி ஜாக்சன்.

1970இல் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது: இனப் பாகுபாடு காட்டும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு இனி வரிவிலக்கு கிடையாது. 1971இல் பல்கலைக்கழகம் கதவை லேசாகத் திறந்தது. எப்படி? தன் இனத்திலேயே கல்யாணம் முடித்த கறுப்பர் மட்டும் வரலாம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கறுப்பர் வகுப்பில் உட்கார்ந்து படிப்பதைக்கூடச் சகித்துக்கொள்ளத் தயார். அவர் வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்துவிடுவாரோ என்பதுதான் பயம்! 1975 மே மாதம் மணமாகாத கறுப்பர்களையும் சேர்க்க முன்வந்தார்கள். கூடவே விதிகளையும் எழுதி வைத்தார்கள். வேற்றினத்தாரோடு ஜோடியாகப் பழகினால் வெளியேற்றம். இனக்கலப்பு மணம் செய்தால் வெளியேற்றம். அதை ஆதரிக்கிற அமைப்பில் இருந்தாலும் வெளியேற்றம்.

அண்ணல் அம்பேத்கர் 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சொன்னது இதைத்தான். சாதியின் சாரம் அகமணம். சேர்ந்து படிக்கலாம், சேர்ந்து ஜெபிக்கலாம், சேர்ந்து டீ குடிக்கலாம். பெண் கொடுக்கல் வாங்கலில் கதவு சாத்தியிருக்கும்வரை சாதிக்குச் சேதமில்லை. கிரீன்வில்காரர்கள் அம்பேத்கரைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆதிக்கத்துக்குத் தன் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1976 ஜனவரியில் வரிவிலக்கு பறிபோனது. ஓர் ஊழியருக்கான வரியாக 21 டாலரைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது பல்கலைக்கழகம். அரசோ பாக்கி சுமார் 4,90,000 டாலர் என்றது. எல்லா இனத்தவரையும் சேர்க்கிறோம், விதி எல்லா மாணவர்களுக்கும் பொதுதானே என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். கேட்ட குரலாக இல்லை? ‘நாங்க யாரையும் தாழ்த்தலையே, அவங்கவங்க வழக்கம் அவங்கவங்களுக்கு’ என்கிற அதே குரல்.

1982 ஜனவரியில் ரீகன் அரசு பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தது. எதிர்த்து வாதாட அரசுத் தரப்பே இல்லாமல் போகவே, வில்லியம் கோல்மன் என்ற கறுப்பு வழக்கறிஞரை உச்சநீதிமன்றம் நியமித்தது. அவர் வாதாடினார், வென்றார். 1983 மே 24 அன்று எட்டு நீதிபதிகள் பல்கலைக்கழகத்துக்கு எதிராகவும் ஒருவர் மட்டும் மாறுபட்டும் தீர்ப்பளித்தார்கள். யாரோடு சேரலாம் என்பதை இனத்தை வைத்துத் தீர்மானிப்பதும் இனப் பாகுபாடே என்றது தீர்ப்பு.

அதோடு விதி செத்துவிட்டதா? இல்லை. வரியைக் கட்டிவிட்டுப் பதினேழு வருஷம் விதியைக் காப்பாற்றினார்கள். பணத்தை விட்டார்கள், அகமணத்தை விடவில்லை. 2000 பிப்ரவரியில் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் அங்கே போய்ப் பேசினார். நாடே காறித்துப்பியது. மார்ச் 3 அன்று, நிறுவனரின் பேரனான தலைவர் தொலைக்காட்சிப் பேட்டியில் விதியை நீக்கிவிட்டதாகச் சொன்னார். 2008இல், பழைய மாணவர்களும் படிக்கிறவர்களும் வற்புறுத்திய பிறகு, மன்னிப்பும் கேட்டார்கள். தங்கள் இனக்கொள்கையை உருவாக்கியது வேதத்தைவிட அமெரிக்கச் சமூகத்தின் பிரிவினை மனோபாவமே என்று ஒப்புக்கொண்டார்கள். 1960இல் தேவ சித்தமாக இருந்தது 2008இல் ஊர் வழக்கமாகிவிட்டது. இடையில் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் பிரிக்கப்பட்ட காதல்களுக்கும் யார் பதில் சொல்வது? 2017இல் வரிவிலக்கு மட்டும் திரும்பி வந்தது.

ஒழுக்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குடிக்காதே என்பதும், வேற்றினத்தாரைக் காதலிக்காதே என்பதும் ஒரே தாளில், ஒரே எழுத்தில், ஒரே தண்டனையோடு வரும்போது இரண்டாவது வரி முதல் வரியின் புனிதத்தைத் திருடிக்கொள்கிறது. ஞானஸ்நானம் வாங்கிய பின்னும் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிற நம்மூர் சபைகளில் இதற்கு எழுதிய விதிகூடக் கிடையாது. எழுதியிருந்தால் வழக்காவது போடலாம். எழுதாத வரியை வாசிக்கப் பழகுவதுதான் நம் வேலை. வாசித்துவிட்டு, அதை மீறுகிறவர்களின் பக்கம் நிற்பதும்.