கணுவில் அசையும் நூல்: ஒரு மாணவர் சோதனையும் கல்கத்தா இராமனும்

கல்கத்தாக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஊசல், சுரமானி, இசைக்கவை இவைதான் என் உலகம். மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்து நண்பர்கள், ‘இராமன் விளைவு பற்றி எழுதுங்களேன்’ என்றார்கள். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய இராமனைப் பற்றி. கூடவே, நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும்.

இயற்பியல் படித்தவர்களுக்கு மெல்டே சோதனை நினைவிருக்கும். ஜெர்மானியரான ஃபிரான்ஸ் மெல்டே 1860-ஐ ஒட்டிச் செய்து காட்டியது. மின்சாரத்தால் அதிரும் இசைக்கவையின் ஒரு கிளையில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கப்பிமேல் விட்டு, ஒரு தட்டைத் தொங்கவிடுவோம். தட்டில் எடையைக் கூட்டிக் குறைத்து வரும்போது, ஒரு கட்டத்தில் நூல் சட்டென்று வயிறு வயிறாக உப்பி நிற்கும். உப்பிய இடம் எதிர்க்கணு. இரண்டு வயிறுகளுக்கு நடுவே ஒடுங்கிய இடம் கணு. தட்டையும் சேர்த்து எடையை நாலு மடங்காக்கினால் வயிறுகளின் எண்ணிக்கை பாதியாகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கவை நூலுக்குக் குறுக்காக ஆடினால், நூலும் அதே அதிர்வெண்ணில் ஆடும். நூலின் நீளவாக்கில் ஆடினால், நூல் பாதி அதிர்வெண்ணில்தான் ஆடும். நின்றுகொண்டு ஊஞ்சல் ஆடும் பிள்ளையைப் பாருங்கள். ஊஞ்சல் ஒரு தரம் போய்த் திரும்புவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்துவிடும். அதே கணக்குதான் இது.

1907-இல் நிதித்துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்தவர் சி.வி. இராமன். திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சாதாரண சோதனையில், கண்ணில் பட்ட சில ஒளிப்பட்டைகளை ‘இது எதற்கு நமக்கு?’ என்று விட்டுவிடாமல் தொடர்ந்து ஆராய்ந்தவர். அது 1906-இல் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் கட்டுரையாக வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

பௌபஜார் தெரு 210-ஆம் எண்ணில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆபீசுக்கு முன் விடியற்காலையிலும், பின் இரவு வரைக்கும் இராமன் அங்கேதான். அவருக்குக் கிடைத்த துணை ஆசுதோஷ் தே. பல்கலைக்கழகப் படி ஏறாதவர். பின்னாளில், 1919-இல், அவர் தனிப் பெயரிலேயே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரை வந்தது. உதவியாளர் பெயரை விழுங்கிவிடாத ஆய்வுக்கூடம் அது.

அங்கே இராமன் கையில் எடுத்தவற்றுள் ஒன்று இந்த மெல்டே சோதனை. குறுக்காகவும் இல்லாமல், நீளவாக்கிலும் இல்லாமல், கவையைச் சாய்வாக வைத்துப் பார்த்தார். கவையின் அதிர்வெண்ணில் பாதி, அதே அளவு, ஒன்றரை மடங்கு, இரு மடங்கு என்று பல விதமாக நூல் ஆடியது. 1909 முதல் இதைப் பற்றி எழுதி, 1912-இல் கழகத்தின் 6-ஆம் வெளியீடாக விரிவாகத் தந்தார்.

இனி என் கதை. 1980-களில் ஒரு வங்காளிப் பையன், இரண்டாம் ஆண்டு, தன் ரெக்கார்டு நோட்டில், ‘கணுவிலும் நூல் மிகச் சிறிதாக அசைகிறது’ என்று எழுதியிருந்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன் சார் என்றான். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சிவப்பு மையால் அடித்து, ‘கணு என்பது அசையாப் புள்ளி’ என்று எழுதி, ஒரு மார்க்கும் குறைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பல வருஷம் கழித்து, நூலகத்தில் இராமனின் ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பைப் புரட்டினேன். 1909-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு: அதிரும் கம்பியின் கணுக்களில் உள்ள சிற்றசைவு பற்றியது! எனக்கு வேர்த்துவிட்டது. காரணம் எளிது. காற்றின் தடையால் நூலின் ஒவ்வொரு வயிறும் ஆற்றலை இழந்துகொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்டும் ஆற்றல் கவையிலிருந்துதான் வர வேண்டும். கணுக்களைக் கடந்துதான் வர வேண்டும். கணு அசையவே அசையாது என்றால், அதைத் தாண்டி ஆற்றல் எப்படிப் போகும்? ஆகவே அங்கும் ஒரு சிற்றசைவு உண்டு. மற்றப் பகுதியின் ஆட்டத்திலிருந்து அது கால் அலைவு நேரம் தள்ளி நிகழ்கிறது.

இருபது வயது தாண்டிய இராமன் கண்டதை, இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் என் மேசைக்கு நாலடி தள்ளி நின்று கண்டிருக்கிறான். முன்னவர் கண்டதை அச்சிட ஒரு பத்திரிகை இருந்தது. பின்னவனுக்கு நான் இருந்தேன்! அவன் இப்போது எங்கே இருக்கிறானோ, தெரியாது.

இராமனின் படத்தை நம் விழாக்களில் மாட்டுகிறோம். நம்மவர், இந்த ஊரில் வாழ்ந்தவர் என்று பெருமைப்படுகிறோம். சரிதான். ஆனால் சங்கத்துப் பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளைகள் பிராக்டிகல் நோட்டில் புத்தகத்தில் இல்லாத ஒரு வரி எழுதினால், பேனாவை எடுக்குமுன் எழுந்து போய் ஒரு தரம் பாருங்கள். நான் போகவில்லை.