குறிசூட்டாளரும் பதுங்கிச் சுடுநரும்: இந்தியத் தரைப்படையில் டிராகுனோவ் துப்பாக்கி

ஆய்வுச்சுருக்கம்

சோவியத் ஒன்றியம் 1963இல் ஏற்றுக்கொண்ட டிராகுனோவ், உலகெங்கும் ‘ஸ்னைப்பர் துப்பாக்கி’ என்றே அறியப்படுகிறது. அதன் வடிவமைப்புக் கூறுகளோ, காலாட்படைப் பிரிவோடு சேர்ந்து நகர்ந்து, அப்பிரிவின் சுடுதொலைவை நீட்டும் வீரரை முன்வைத்து அமைந்தவை. இந்தியத் தரைப்படையில் அத்துப்பாக்கி, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டின் நிலையான காவல்நிலைகளில் வேறொரு பணியை ஏற்க நேர்ந்தது. 2018–2019ஆம் ஆண்டுகளில் அதன்மீது எழுந்த குறைகூறல்களுக்குக் கருவியின் முதுமை மட்டும் காரணமன்று. கருவிக்கும் அதனிடம் எதிர்பார்க்கப்பட்ட பணிக்கும் இடையிலான பொருந்தாமையே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: டிராகுனோவ், அரைத்தானியங்கித் துப்பாக்கி, குறிசூட்டாளர், பதுங்கிச் சுடுநர், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு

முன்னுரை

படைக்கலன்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் திறனளவுகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. எந்தப் பணிக்காக ஒரு கருவி உருவானது, எந்தப் பணியில் அது அமர்த்தப்பட்டது என்னும் இரு வினாக்களையும் பிரித்துக் கேட்கும்போதே அக்கருவியின் வரலாறு துலங்கும். டிராகுனோவ் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற சான்றாகும்.

சொல்லும் பொருளும்

‘ஸ்னைப்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இந்திய மண்ணோடு தொடர்புடையது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படை அலுவலர்கள் ‘ஸ்னைப்’ எனப்படும் உள்ளான் பறவையை வேட்டையாடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். உள்ளான், குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கு வலசை வரும் பறவை. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டியைச் சுற்றியுள்ள பகுதிகளைப் போன்ற ஈர நெல்வயல்களே அதற்கு உகந்த வாழிடம். வைக்கோலின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும் அப்பறவை, ஆள் அருகில் நெருங்கியதும் எழும்பி வளைந்து நெளிந்து பறக்கும். அதனைச் சுட்டு வீழ்த்தக் கூரிய கண்ணும் விரைந்த கையும் வேண்டும். பறவை வேட்டையைச் சுட்டிய சொல், பின்னர் மறைந்திருந்து மனிதரைச் சுடுவதற்குப் பெயராயிற்று.

இச்சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ‘குறிசூட்டாளர்’, ‘பதுங்கிச் சுடுநர்’ ஆகிய இரண்டும் ஒருபொருட்சொற்களாக வழங்குகின்றன. இக்கட்டுரை அவற்றை வேறுபடுத்திக் கையாள்கிறது. தன் படைப்பிரிவோடு சேர்ந்து நகர்ந்து, பிறர் சுட இயலாத தொலைவிலுள்ள இலக்குகளை அடுத்தடுத்துச் சுடுபவர் குறிசூட்டாளர். பிரிவிலிருந்து விலகித் துணைநோக்கர் ஒருவருடன் நெடுநேரம் மறைந்திருந்து, பெரும்பாலும் ஒரே குண்டில் இலக்கை வீழ்த்த முயல்பவர் பதுங்கிச் சுடுநர். முன்னவருக்கு விரைவும், பின்னவருக்குத் துல்லியமும் முதல் தேவையாகும்.

வடிவமைப்பின் பின்புலம்

இரண்டாம் உலகப்போரின்போது சோவியத் படை, எஸ்.வி.டி.–40 என்னும் அரைத்தானியங்கித் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்திப் பயன்படுத்திப் பார்த்தது. போதிய துல்லியம் கிட்டாமையால் அவ்வகையின் உற்பத்தி 1942இல் கைவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் கையால் இயக்க வேண்டிய மோசின் துப்பாக்கியே மீண்டும் முதன்மை பெற்றது.

போருக்குப்பின் நிலைமை மாறியது. காலாட்படையின் பொதுக் கருவியான ஏ.கே.–47, அண்மைப் போருக்கு ஏற்றதாயினும் ஏறத்தாழ 300 மீட்டருக்கு அப்பால் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. பழைய நீள்துப்பாக்கிகளுக்கு இருந்த எட்டும் தொலைவைச் சிறுபிரிவுகள் இழந்தன. இவ்விடைவெளியை நிரப்பும் அரைத்தானியங்கித் துப்பாக்கிக்காக 1958இல் போட்டி அறிவிக்கப்பட்டது. சிமோனோவ், கான்ஸ்டான்டினோவ், டிராகுனோவ் ஆகியோர் தத்தம் வடிவங்களை முன்வைத்தனர். இழெவ்ஸ்க் நகரில் 1920இல் பிறந்து, படையில் துப்பாக்கி பழுதுபார்ப்பவராகப் பணியாற்றி, பின்னர் விளையாட்டுத் துப்பாக்கிகளை வடிவமைத்துவந்த யெவ்கேனி டிராகுனோவின் வடிவம் 1963இல் ஏற்கப்பட்டது.

வடிவமைப்பு: இரு தேவைகளின் சமரசம்

புறத்தோற்றத்தில் ஏ.கே. வகையை ஒத்திருப்பினும் டிராகுனோவின் உள்ளமைப்பு வேறானது. ஏ.கே.யில் வாயு உந்துதண்டு, போல்ட்டைத் தாங்கும் பகுதியோடு இணைந்து முழுத் தொலைவும் பின்னோக்கி ஓடும். டிராகுனோவில் உந்துதண்டு தனியானது. குறுகிய தொலைவே நகர்ந்து, தாங்கியைத் தள்ளிவிட்டு நின்றுவிடும். நகரும் பொருண்மை குறைவதால் சுடும் கணத்தில் துப்பாக்கி அசைவதும் குறைகிறது. போல்ட், இரண்டுக்கு மாறாக மூன்று பூட்டுமுனைகளைக் கொண்டிருப்பதால் ஒவ்வொரு முறையும் சீராகப் பூட்டிக்கொள்கிறது. கட்டைவிரல் நுழையும் துளையுடன் கூடிய பின்கட்டை, விளையாட்டுத் துப்பாக்கிகளில் டிராகுனோவ் பெற்ற பட்டறிவைக் காட்டுகிறது. இவை யாவும் துல்லியத்தின் பக்கம் நிற்கும் கூறுகள்.

மறுபக்கத்தில் நிற்பனவும் உண்டு. தொலைநோக்கியையும் சேர்த்து அதன் எடை ஏறத்தாழ 4.3 கிலோகிராமே, நடந்தும் ஓடியும் போரிடும் வீரருக்கு ஏற்ற எடை இது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் கூடும், துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்தும் வசதியும் அதற்கு உண்டு. அது பயன்படுத்தும் 7.62×54 மி.மீ. தோட்டா 1891ஆம் ஆண்டு மோசின் துப்பாக்கியோடு வந்தது; பி.கே. இயந்திரத் துப்பாக்கியும் அதே வகைத் தோட்டாவையே சுடுகிறது. எனவே குறிசூட்டுக்கெனத் தனித் தோட்டா கிடைக்காத நேரத்திலும் பிரிவின் பொது இருப்பிலிருந்து எடுத்துச் சுட முடியும்.

பி.எஸ்.ஓ.–1 தொலைநோக்கியும் இதே நோக்கத்தைக் காட்டுகிறது. நான்கு மடங்கு மட்டுமே பெரிதாக்கும் அக்கருவி அகன்ற காட்சிப்பரப்பைத் தருகிறது. 1.7 மீட்டர் உயர மனிதரை அதிலுள்ள வளைகோட்டில் பொருத்திப் பார்த்தே தொலைவை உடனடியாக மதிப்பிடலாம். தனிக் கருவியோ துணைநோக்கரோ இன்றி விரைந்து முடிவெடுக்க வேண்டிய வீரருக்காக அமைந்த ஏற்பாடு இது.

சமரசம் எப்பக்கம் சாய்ந்தது என்பதற்குச் சுடுகுழலின் உட்புறப் புரியே தெளிவான சான்று. தொடக்கத்தில் 320 மி.மீ.க்கு ஒரு சுற்றாக இருந்த புரி, 1970களின் நடுப்பகுதியில் 240 மி.மீ.க்கு ஒரு சுற்றாக மாற்றப்பட்டது. கவசம் துளைத்துத் தீமூட்டும் குண்டு போன்ற சிறப்பு வகைகளும் நிலைத்துப் பறக்க இம்மாற்றம் வேண்டியிருந்தது. அதனால் குறிசூட்டுத் தோட்டாவின் துல்லியம் குறைந்தது. பலவகைத் தோட்டாக்களையும் சுடும் திறனுக்காகத் துல்லியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது, குறிசூட்டாளருக்கான கருவியில் இயல்பான முடிவு. பதுங்கிச் சுடுநருக்கான கருவியில் அதனை எதிர்பார்க்க முடியாது.

இந்தியச் சூழல்

தேர்ந்தெடுத்துச் சுடும் ஒருவரால் பெரும்படையின் இயக்கத்தையே தடுமாறச் செய்ய முடியும் என்பதை இந்தியப் படை இலங்கையில் கண்டது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பவன் நடவடிக்கையில், விடுதலைப் புலிகளின் பதுங்கிச் சுடுநர்கள் அலுவலர்களையும் வானொலித் தொடர்பாளர்களையும் தேடிச் சுட்டனர். அலுவலர்கள் தங்கள் பதவிச் சின்னங்களை அணியாமல் களத்திற்குச் செல்ல நேர்ந்தது. பதுங்கிச் சூட்டின் விளைவு வீழ்ந்தோரின் எண்ணிக்கையில் மட்டும் அடங்குவதில்லை. கட்டளையிடுபவர் யார் என்பதையே மறைக்க வேண்டிய நிலைக்கு அது ஒரு படையைத் தள்ளுகிறது.

டிராகுனோவ் 1990களிலிருந்து இந்தியக் காலாட்படையில் நிலைபெற்றது. ரோந்திலும் தேடுதல் நடவடிக்கைகளிலும் பிரிவோடு செல்லும் வீரருக்கு அது பொருத்தமான கருவி. ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டின் நிலைமை வேறு. அங்கு இருதரப்புக் காவல்நிலைகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. மலைச்சரிவுகளுக்கு இடையிலான தொலைவு பெரிது. பள்ளத்தாக்குக் காற்று குண்டின் பாதையை விலக்கும். விரைந்து பத்துக் குண்டுகள் சுட வேண்டிய தேவை அங்கு அரிது. சுட்டதும் வெளியே தெறிக்கும் தோட்டா உறைகூட மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும். இங்கே வேண்டப்பட்டவர் பதுங்கிச் சுடுநர். அவர் கையில் இருந்ததோ குறிசூட்டாளரின் துப்பாக்கி.

இவ்வேறுபாடு 2018இல் வெளிப்படையாகப் பேசப்பட்டது. எல்லையில் பதுங்கிச் சூட்டு நிகழ்வுகள் மிகுந்த அவ்வாண்டில், 8.6 மி.மீ. தோட்டாவைச் சுடும் 5,719 துப்பாக்கிகளை வாங்குவதற்கான முயற்சி தொடங்கி, மறு ஆண்டில் கைவிடப்பட்டது. 2019இல் இத்தாலியின் பெரெட்டா ஸ்கார்ப்பியோ, அமெரிக்காவின் பாரெட் எம்–95 ஆகியன குறைந்த எண்ணிக்கையில் வடக்குக் கட்டளையகத்திற்கு வந்தன. 2022இல் பின்லாந்தின் சாகோ டி.ஆர்.ஜி.–42 எல்லையில் இடம்பெற்றது. இம்மூன்றும் கையால் இயக்கும் போல்ட் கொண்டவை என்பது கருதத்தக்கது. டிராகுனோவின் குறிசூட்டுத் தோட்டாவில் குண்டின் எடை 9.8 கிராம், 8.6 மி.மீ. லப்புவா தோட்டாவில் வழக்கமாக அது 16.2 கிராம். கனத்த குண்டு காற்றால் விலகுவது குறைவு. நெடுந்தொலைவிலும் தன் விரைவைத் தக்கவைக்கும். டிராகுனோவின் பயனுறு தொலைவு ஏறத்தாழ 800 மீட்டராக இருக்க, புதிய துப்பாக்கிகள் 1,500 மீட்டரையும் எட்டின. எனினும் டிராகுனோவ் படையிலிருந்து நீங்கவில்லை. பிரிவோடு செல்லும் குறிசூட்டாளரிடம் அதன் தேவை தொடர்கிறது.

கருவியின் எல்லை

படைக்கல மாற்றத்தை எல்லை அமைதியின் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. புதிய துப்பாக்கிகள் வந்த பின்னரும், 2020இல் பாகிஸ்தான் தரப்பில் 5,133 போர்நிறுத்த மீறல்கள் நிகழ்ந்ததாக இந்திய அரசு தெரிவித்தது. அவ்வெண்ணிக்கையைச் சடுதியில் தாழ்த்தியது 2021 பிப்ரவரி 25ஆம் நாள் இருநாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையே. அவ்வமைதியும் 2025ஆம் ஆண்டு மோதலில் குலைந்தது. எல்லையில் சுடுவதும் சுடாதிருப்பதும் துப்பாக்கியின் எட்டும் தொலைவைவிட அரசியல் முடிவையே மிகுதியாகச் சார்ந்திருந்தன.

முடிவுரை

டிராகுனோவின் எடை, தோட்டா, தொலைநோக்கி, புரி ஆகிய நான்கும் அது குறிசூட்டாளருக்கென உருவான கருவி என்பதை உறுதிசெய்கின்றன. ‘ஸ்னைப்பர்’ என்னும் ஒற்றைப் பெயர் இருவேறு பணிகளையும் ஒன்றாகக் காட்டியது. அப்பெயருக்குள் மறைந்திருந்த வேறுபாடு, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் வெளிப்பட்டபோது கருவியின் தோல்வியாகப் புரிந்துகொள்ளப்பட்டது. தமிழில் குறிசூட்டாளர், பதுங்கிச் சுடுநர் என்னும் இரு சொற்கள் ஏற்கெனவே உள்ளன. இராணுவ வரலாற்றுக் கலைச்சொல்லாக்கத்தில் அவற்றை வெவ்வேறு பொருளில் நிலைநிறுத்தினால், ஆங்கிலத்தின் ஒற்றைச்சொல் விளைவித்த மயக்கத்தைத் தமிழ் ஆய்வுகள் தவிர்க்க இயலும்.