மொகதிசு விருந்தில் வாழைக்காய்

விருந்தினரை எதனால் கண்ணியப்படுத்துவது என்னும் கேள்விக்கு இன்று நம் இல்லங்களில் ஒரே விடைதான் உண்டு: இறைச்சி. வாழைக்காய் ஆணம் வைத்தால் வந்தவரைக் குறைத்து மதித்ததாக எண்ணுகிறோம். கையில் பணமில்லாதவர் கடன்பட்டேனும் கறி வாங்குகிறார். நம் முன்னோரின் விருந்து முறை இவ்வாறு இருந்ததா?

மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ 1331ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிசு துறைமுகத்தை அடைந்தார்கள். வந்திருப்பவர் வணிகர் அல்லர், மார்க்கச் சட்ட அறிஞர் என்று அறிந்த அந்நகரின் காழி, தம் மாணவர்களுடன் கரைக்கே வந்து வரவேற்றார். சுல்தானிடமிருந்து வெற்றிலையும் பாக்கும் வந்தன. பின்னர் உணவு வந்தது. மரத்தாலான பெரிய சஹனில் நெய்ச்சோறு. அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி ஆணங்கள். ஒரு கிண்ணத்தில் புதிய பாலில் வேகவைத்த வாழைக்காய். மற்றொன்றில் தயிர், அதனுடன் எலுமிச்சை ஊறுகாய், மிளகு ஊறுகாய், பச்சை இஞ்சி, மாங்காய். நாளொன்றுக்கு மூன்று வேளையாக மூன்று நாள்கள் இவ்வாறு உபசரித்தனர். விருந்தோம்பல் மூன்று நாள்கள் என்னும் நபிமொழிக்கு ஏற்ப அமைந்த உபசாரம் அது. பின்னாளில் நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்ற அப்பெரியார், 1355இல் நிறைவுற்ற தம் பயண நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

இறைச்சிக்குக் குறைவில்லாத அரசவிருந்தில் வாழைக்காய்க்கெனத் தனிக் கிண்ணம் இருந்தது என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. தென்கிழக்காசியாவிலும் நியூகினித் தீவிலும் தோன்றி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்த பயிர் வாழை. காயாக இருக்கும்போது அதில் மாவுச்சத்தே மிகுதி. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறுகிறது. ஆகவேதான் காய் பசியாற்றும் உணவாகிறது. அதில் பொட்டாசியமும் நார்ச்சத்தும் உண்டு, புரதம் குறைவு. பாலில் வேகவைத்த மொகதிசு மக்கள் அக்குறையையும் ஈடுசெய்தனர்.

விருந்தின் கண்ணியம் விலையில் இல்லை. முகமலர்ச்சியிலும், உள்ளதைப் பேணிச் சமைப்பதிலும் இருக்கிறது. அடுத்த முறை விருந்தினர் வரும்போது கடனுக்குக் கறி வாங்காமல், கொல்லையில் விளைந்த வாழைக்காயை அச்சமின்றிச் சஹனில் வைப்போம். வீண்விரயத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.