தனித்தேர்வர்

1907 டிசம்பரில் ஓர் இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வைக் கல்லூரி எதையும் சாராமல் தனியாக எழுதித் தோற்றார். கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றப் பாடங்கள் ஏறவில்லை. உடலியல் அறவே ஏறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கும்பகோணம் அரசுக் கல்லூரி கொடுத்த உதவித்தொகை, ஆங்கிலத்தில் தவறியதால் போயிற்று. அதன்பின் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினார். எஞ்சியிருந்த ஒரே வழி தனித்தேர்வு. அதிலும் தோல்வி. சீனிவாச இராமானுஜனுக்கு அப்போதுதான் இருபது வயது.

இன்றும் தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் தேர்வு அறிவிப்பில் 'தனித்தேர்வர்கள்' என்று ஒரு வரி தனியாக வரும். அந்தச் சொல்லைத் தெருவில் 'பிரைவேட்டா எழுதுறான்' என்பார்கள். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளை என்ற பொருள் அந்தத் தாழ்ந்த குரலில் இருக்கிறது. அப்படிப் பார்ப்பது தவறு. தன் வேகத்தில், தன் போக்கில் படித்துத் தேர்வுக்கு மட்டும் வந்து உட்காரும் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. வகுப்பறைக்குள் அடங்காத பலர் அந்த வழியாகத்தான் மேலே வந்தார்கள்.

வகுப்பறையே இங்கே பின்னால் வந்ததுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'ஒன்றாம் வகுப்பு', 'இரண்டாம் வகுப்பு' கிடையாது. விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் விரல் வைத்து எழுதத் தொடங்குவான். அரிச்சுவடி முடிந்தால் எண்சுவடி, அதற்கு மேல் நீதிநூல்கள். யார் எந்தச் சுவடியில் இருக்கிறானோ அதுதான் அவன் வகுப்பு. ஆறு மாதத்தில் முடிப்பவனும் உண்டு, இரண்டு வருடம் இழுப்பவனும் உண்டு. இருவரும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்தார்கள். முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சட்டாம்பிள்ளை வாத்தியாரின் பாதி வேலையைப் பார்த்துவிடுவான். 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பெண்கள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பெரும்பாலும் எட்டாத இடம் அது. பிரம்படிக்கும் குறைவில்லை. அதனால் திண்ணையைப் பொற்காலமாக்கிப் பேச வேண்டியதில்லை. ஆனால் மெதுவாகப் படிக்கிறவனைத் 'தோற்றவன்' என்று முத்திரை குத்தும் ஏற்பாடு அங்கே இல்லை என்பது உண்மை.

இந்த முறையைக் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல். 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற பாதிரியார் அவர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதையும் தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனான். அவனவன் வேகத்துக்குச் சுவடி என்ற பண்பு வழியிலேயே தேய்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே குரலுக்கு ஆட்டுவிக்கும் மலிவான கருவியாகத்தான் இங்கிலாந்து அதைப் பயன்படுத்தியது.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தை அச்சாகக் கொண்டு அமைந்ததால் தொடக்கக் காலத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவே. எங்கே படித்தாய் என்பதைவிட என்ன தெரியும் என்பதே அப்போதைய கேள்வி. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தார்; வட்டுக்கோட்டை செமினரியில் உருவானவர்கள். பல்கலைக்கழகம் தொடங்கிய சில மாதங்களிலேயே தேர்வெழுதித் தேறினார்கள். அதன் கல்லூரிகளில் வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்க அவர்களுக்குக் காலமே இருக்கவில்லை. பின்னாளில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளை, அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டப் பட்டியலில் முதல் வரிசைக்காரர்.

நாளாக ஆகக் கதவு குறுகியது. கல்லூரி வருகைப் பதிவு, எல்லாப் பாடத்திலும் ஒரே சமயத்தில் தேர்ச்சி என்ற விதிகள் இறுகின. அந்த இறுக்கத்தில்தான் இராமானுஜன் மாட்டிக்கொண்டார்.

அவருடைய உண்மையான கல்வி எங்கே நடந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, பதினைந்து பதினாறு வயதில், ஜி.எஸ். கார் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக. கார் பெரிய கணித மேதை அல்லர். லண்டனில் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு டியூஷன் எடுத்தவர். அந்தக் குறிப்புகள் திரண்டு நூலாயின. அதாவது, நம் ஊர் டுடோரியல் நோட்ஸின் தூரத்து உறவு. நிரூபணங்களைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் அந்தப் பையன் கணிதத்தைத் தானே கட்டியெழுப்பினான்.

1907-ல் அவர் தோற்றதற்குக் காரணம் தனியாகப் படித்தது அல்ல. தனித்தேர்வு என்ற வழி அவரைக் கொண்டுபோய் விட்ட இடம் அதே பழைய தேர்வுக்கூடம். அதே பாடங்கள், அதே நிபந்தனை. கல்லூரி மட்டும் இல்லை. விலங்கு அப்படியே இருந்தது.

அவரைக் காப்பாற்றியவர்கள் மனிதர்கள். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய டெபுடி கலெக்டர் வி. இராமசாமி ஐயர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, கைதூக்கிவிடக்கூடியவர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1911-ல் கணிதக் கழக இதழில் முதல் கட்டுரை வந்தது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை; அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணக்குப் பேசத் துணையானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே ஆண்டில், எஃப்.ஏ. கூடத் தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றில் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் வழங்கியது.

மேதைகளின் கதையைச் சாதாரணப் பிள்ளைகளுக்கு அளவுகோலாக வைக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவரைப் பார்க்கலாம். பள்ளி இறுதித் தேர்வு முடித்துப் பதினாறு வயதில் வேலைக்குப் போன அவர், உடல்நலம் குன்றி வேலையை விட்டார். ஓய்வில் இருந்தபோது முருகைய முதலியார் என்ற ஆசிரியரிடம் தமிழ் கேட்டார். கல்லூரிப் பக்கம் போகவில்லை. 1935-ல் வித்துவான் தேர்வைத் தனியாக எழுதி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார்; திருப்பனந்தாள் மடம் அதற்கு 1,000 ரூபாய் பரிசளித்தது. பி.ஓ.எல்., எம்.ஓ.எல். என்று அடுத்தடுத்துத் தேறி, 1948-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1939-லேயே பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர். ஆம், இராமானுஜன் படிப்பை முடிக்க முடியாமல் வெளியேறிய அதே கல்லூரி. அந்த எழுத்தர்தான் மு.வ. என்னும் மு.வரதராசன்.

வித்துவான் தேர்வு மு.வ. ஒருவருக்கு மட்டும் உதவவில்லை. பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவில் விளக்கடியில் நன்னூலும் தொல்காப்பியமும் நெட்டுருப் போட்டுத் தமிழாசிரியர் ஆனவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. ஆங்கிலமோ கணக்கோ வராத பிள்ளைக்கும் தன் மொழி வழியே ஒரு பிழைப்பையும் மரியாதையையும் அந்தத் தேர்வு கொடுத்தது. ஒரு பாடத்தில் ஊறியவனை அந்தப் பாடத்தை வைத்தே மதிப்பிட்ட தேர்வு அது. இராமானுஜனுக்குக் கிடைக்காமல் மு.வ.வுக்குக் கிடைத்தது இதுதான். கூடவே ஒரு முருகைய முதலியாரும்.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு ஊரெங்கும் பரவியபின் டுடோரியல் காலேஜ்கள் முளைத்தன. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு மேலே, குறுகிய மாடிப்படி ஏறினால் நான்கு பெஞ்ச், ஒரு கரும்பலகை. 'ரெண்டு சப்ஜெக்ட் போச்சு' என்று வருபவர்களுக்குக் காலை பேட்ச், லேத் பட்டறையிலும் தையல் கடையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை பேட்ச். கணக்கும் ஆங்கிலமும்தான் பெரும்பாலும் போயிருக்கும். கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த டுடோரியல்களைக் கல்வியாளர்கள் பெரிதாக மதித்ததில்லை. நோட்ஸும் முக்கிய வினாவும் மட்டுமே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்ற குறையில் உண்மை உண்டு. ஆனாலும் 'நீ தேறிடுவே' என்று அந்தப் பிள்ளைகளிடம் முதலில் சொன்னவர்கள் பல ஊர்களில் அங்கே இருந்த வாத்தியார்கள்தான். வெள்ளைச் சட்டையில் சாக்பீஸ் தூளோடு, ஒரே வாய்ப்பாட்டை ஏழாவது முறையாகச் சலிக்காமல் விளக்கியவர்கள். பள்ளியில் நாற்பது பேரில் ஒருவனாகத் தொலைந்தவனுக்குத் தன் சந்தேகத்தைக் கேட்கும் துணிவு அங்கே வந்தது.

உயர்கல்வியில் இதன் தொடர்ச்சி அஞ்சல்வழிக் கல்வி. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தொடங்கி வைத்தது. 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக மு.வ. பொறுப்பேற்றார், அங்கே அஞ்சல்வழிக் கல்வி வேர் பிடித்த காலமும் அதுவே. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் தொடங்கின. போலீஸ்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் பட்டதாரிகளானார்கள். பள்ளிப் படிப்பே இல்லாதவர்களும் வயதை வைத்துச் சேரலாம் என்ற திறந்தநிலை வாய்ப்பும் பின்னர் வந்தது. ஆனால் பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் வராத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் தமிழக அரசு ஆணையிட்டது. நம்பிப் படித்தவர்களுக்கு அது பெரிய அடி.

பள்ளி அளவில் விலங்கையே கழற்றிய ஏற்பாடு ஒன்று உண்டு. 1979-ல் சி.பி.எஸ்.இ. ஒரு சிறு திட்டமாகத் தொடங்கிய திறந்தவெளிப் பள்ளி அது. 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. 2002 முதல் என்.ஐ.ஓ.எஸ். என்று பெயர். பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்தால் போதும். ஐந்து பாடங்களில் தேறினால் சான்றிதழ். அவற்றில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். மற்றவற்றை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். கணக்கு கட்டாயமில்லை. கர்நாடக இசை உண்டு, ஓவியம் உண்டு, மனையியல், உளவியல், டேட்டா என்ட்ரி எல்லாம் உண்டு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை வரை முயலலாம். தேறிய பாடம் கணக்கில் ஏறிவிடும். மீண்டும் தொட வேண்டாம். இப்படி ஒரு பட்டியல் 1907-ல் இருந்திருந்தால் உடலியல் இராமானுஜனை வழிமறித்திருக்காது.

பயிற்சிக் களத்தில் நாளெல்லாம் நிற்கும் விளையாட்டுப் பிள்ளைகள், மேடையேறும் இசைப் பிள்ளைகள், நோயால் பள்ளிக்குப் போக முடியாதவர்கள் என்று பலரும் இதில் படிக்கிறார்கள். மிகுந்த பயன் பெற்றவர்கள் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள். 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றும்வரை, இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வைத்திருந்த பெயர்கள் 'சோம்பேறி', 'மக்கு' என்பவைதான். வாயால் கேட்டால் பதில் சொல்லும் பிள்ளை எழுதச் சொன்னால் தடுமாறுவது ஏன் என்று புரிந்தபின், அரசுத் தேர்வுகளிலும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தரும் துணை, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் வந்தன. அந்தச் சலுகை பெறுவதற்குள் துவண்டுவிடும் பிள்ளைக்கு, இரண்டு பாடம் இந்த வருடம், மூன்று அடுத்த வருடம் என்ற பாதை உயிர் கொடுக்கிறது.

தனியாகப் படிக்கும் இந்த வழிக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையிடம் 'டி.சி. வாங்கிக்கோ, பிரைவேட்டா எழுதிக்கோ' என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்படி வெளியேற்றப்படுபவனுக்குத் தனிப்படிப்பு சுதந்திரமாகத் தெரிவதில்லை. புத்தகம் வீட்டில் கிடக்கும். திறந்து காட்ட ஆள் இருக்காது. பதிவு செய்துவிட்டுத் தேர்வுக்கூடத்துக்கே வராமல் போகிறவர்கள் எந்த அஞ்சல்வழிக் கல்வியிலும் நிறையப் பேர். அவர்களுக்குக் குறைந்தது அறிவல்ல, பக்கத்தில் ஒரு முருகைய முதலியார்.

தமிழ்நாட்டில் துணைத் தேர்வுகள் ஜூன், ஜூலையில் நடக்கின்றன. என்.ஐ.ஓ.எஸ். தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை. அதன் மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. மே மாதம் தேர்வு முடிவு வரும் நாளில் உங்கள் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள். அதோடு விட்டுவிடாமல், மாலையில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள்.