மலைச்சாரல் வீடும் மௌனப் படமும்

மறைந்துபோன ஒரு வீட்டை அடையாளங் காண்பதற்கு அதன் சுவர்கள் எஞ்சியிருக்க வேண்டுமென்பதில்லை. வீட்டார் தம் பொழுதுபோக்குக்காக எடுத்துவைத்த சலனப்படம் ஒன்று கிடைக்குமாயின், அவ்வீடு நின்ற இடத்தையும் காலத்தையும் மீட்டறியலாம். ஆயினும், அங்கு நிகழ்ந்தவை அனைத்தையும் அப்படம் சொல்லிவிடுமா என்பது வேறு வினா. இவ்விரண்டையும் ஆராய்வதற்கு ஏற்ற சான்றாக விளங்குவது, தென் ஜேர்மனியில் ஓபர்சால்ஸ்பேர்க் மலைச்சாரலில் இருந்த ஹிட்லரின் இல்லமாகும்.

1916ஆம் ஆண்டில் வணிகர் ஒருவர் ஓய்வுக்காகக் கட்டிய எளிய மரவீடு அது. ‘வாகன்பெல்ட் இல்லம்’ என்பது அதன் பழைய பெயர். 1928இல் அதனை வாடகைக்குப் பெற்ற ஹிட்லர், ஆட்சிக்கு வந்த 1933இல் விலைக்கு வாங்கினார். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அது பெருமாளிகையாக விரிவாக்கப்பட்டு, ‘பேர்க்ஹோப்’ எனப் பெயர் பெற்றது. அயலில் வாழ்ந்த குடியானவர்கள் தம் மனைகளை விட்டு அகற்றப்பட்டனர்.

ஹிட்லரின் துணைவியான ஈவா பிறவுண், மியூனிக் நகரிற் புகைப்பட நிலையமொன்றிற் பணிபுரிந்தவர். 16 மில்லிமீற்றர் படக்கருவி கொண்டு அவர் அவ்வீட்டு வாழ்க்கையைப் பதிவு செய்தார். 1945இல் அமெரிக்கப் படையினர் கைப்பற்றிய அச்சுருள்கள், கடல் கடந்து சென்று நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஈவா கையிற் படக்கருவியுடன் நிற்கும் புகைப்படமொன்றைக் கண்ணுற்ற லுற்ஸ் பெக்கர் என்னும் கலைஞர், கருவி இருந்ததாயின் படமும் இருந்திருக்க வேண்டுமென்று கருதித் தேடலானார். 1970களின் தொடக்கத்தில் அவர் தேடல் பலித்தது. 1973இல் வெளிவந்த ‘சுவஸ்திகா’ என்னும் ஆவணப்படத்தில் உலகம் அக்காட்சிகளைக் கண்டது.

அவை ஒலியற்ற படங்கள். எனினும் பேசாத படத்திலும் மலை பேசும். வெளிமுற்றத்தில் நிற்போருக்குப் பின்னே தோன்றும் உன்ரர்ஸ்பேர்க் மலையின் விளிம்பு, வீடு நின்ற திசையைக் காட்டிவிடுகின்றது. அம்மலையை நோக்கி அமைந்த மிகப்பெரிய சாளரமும், கல்பாவிய அகன்ற முற்றமும் விரிவாக்கத்திற்குப் பிற்பட்ட காலத்தைக் குறிப்பன. சிறிய மரவீடு மட்டுமே தோன்றும் காட்சி அதற்கு முற்பட்டது. மனிதர் மூப்படைவர், கட்டடம் உருமாறும், மலையின் விளிம்போ அவ்வாறே நிற்கும். ஆதலின், இடத்தை அறிய மலையையும் காலத்தை அறியக் கட்டடத்தையும் நோக்குதல் ஆய்வாளர் வழக்கம்.

இனி, அப்படங்களில் உள்ளவை யாவை? வெயில் காயும் விருந்தினர். துள்ளித் திரியும் நாய்கள். குழந்தைகளோடு கொஞ்சும் ஹிட்லர். இல்லாதவை யாவை? 1938 பெப்ரவரியில் ஒஸ்திரிய அரசுத் தலைவர் சுஷ்னிக் அச்சுறுத்தப்பட்டது இவ்வீட்டிலேதான். 1939 ஓகஸ்ட் 22ஆம் நாள் போலந்தின் மீது போர் தொடுக்கும் எண்ணத்தைப் படைத்தலைவர்களுக்கு ஹிட்லர் அறிவித்ததும் இங்கேதான். அடுத்த பத்து நாட்களுக்குள் போர் மூண்டது; கோடிக்கணக்கான உயிர்கள் மாய்ந்தன. முற்றத்துச் சிரிப்பைப் பதிவு செய்த கருவி, உள்ளறையின் உரையாடலைப் பதிவு செய்யவில்லை. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் எதைக் காட்டுவது என்பதை எடுப்பவரே தெரிவு செய்கின்றார்.

1945 ஏப்பிரல் 25ஆம் நாள் பிரித்தானிய விமானங்கள் அவ்வீட்டின்மீது குண்டு பொழிந்தன. எஞ்சிய இடிபாடுகள் 1952இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1999இல் அம்மலைச்சாரலில் நாற்சி ஆட்சியின் கொடுமைகளை விளக்கும் ஆவணக் காட்சியகம் திறக்கப்பட்டது. படம் வீட்டைக் காட்டும். அவ்வீட்டில் முடிவு செய்யப்பட்டதை அறிய ஏடுகளும் சாட்சியங்களும் வேண்டும். அழகிய குடும்பக் காட்சியொன்றைக் காண்போர், அதன் சட்டத்துக்கு வெளியே நின்றவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். வரலாறு தொடங்குவது அவ்வினாவிலேதான்.