வளர்ந்த நாடும் வரைந்த கோடும்

ஒரு வீட்டிலே பிணக்கு உண்டானால், வீட்டைப் பெருப்பித்துவிட்டாற் பிணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அறைகள் கூடினால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாது வாழலாம் என்பது அவர்கள் கணக்கு. நாடுகளின் வரலாற்றிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் உளர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றிய அமெரிக்கக் குடியரசு அவற்றுள் ஒன்று. அந்நாடு வளர வளர அதன் பிணக்கும் எவ்வாறு வளர்ந்தது என்பதை, 1819ஆம் ஆண்டு தொடக்கம் 1821ஆம் ஆண்டு வரை மிசூரி என்னும் நிலப்பகுதியைக் குறித்து எழுந்த வழக்கைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

1790ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதலாவது குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. அப்பொழுது மக்கட்டொகை ஏறக்குறைய 39 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் அடிமைகள். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776ஆம் ஆண்டிலே உலகறியப் பறைசாற்றிய நாட்டில், ஆறு பேருக்கு ஒருவர் விலைக்கு விற்கப்படும் பொருளாக இருந்தார்.

1787ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரிற் கூடி அரசியலமைப்பை வகுத்த பெரியோர் இந்த முரண்பாட்டை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் அதனைத் தொடாது விட்டனர். அவர்கள் எழுதிய சாசனத்திலே அடிமை என்ற சொல் ஓரிடத்திலேனும் இல்லை. ஆனால் அடிமை முறையின் நிழல் பல இடங்களில் உண்டு. பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடம் என்பதைக் கணிக்கும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணவேண்டும் என விதித்தனர். வாக்களிக்கும் உரிமையற்ற அந்த மக்களின் தொகை, அவர்களை அடக்கி ஆண்டவர்களின் அரசியற் பலத்தைக் கூட்டிற்று. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கொங்கிரஸ் தடுக்கலாகாது என்றும் எழுதிவைத்தனர். சுருங்கச் சொன்னால், தீர்க்க முடியாத கடனுக்குத் தவணை வாங்கினர்.

தவணை வாங்கியவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. அடிமை முறை நாளடைவில் தானே தேய்ந்து ஒழிந்துவிடும் என்று பலர் கருதினர். அதற்கு ஆதாரமும் இல்லாமலில்லை. பென்சில்வேனியா 1780ஆம் ஆண்டிலும், நியூ யோர்க் 1799ஆம் ஆண்டிலும், நியூ ஜேர்சி 1804ஆம் ஆண்டிலும் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டங்களை இயற்றின. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கேயுள்ள பெருநிலத்தில் அடிமை முறை கூடாதென 1787ஆம் ஆண்டின் வடமேற்குக் கட்டளைச்சட்டம் தடை விதித்தது.

இந்தக் கட்டளைச்சட்டம் மற்றுமொரு வகையிலும் சிறப்புடையது. குடியேற்றம் பெற்ற புதிய நிலங்கள் பழைய மாநிலங்களுக்கு அடங்கிய நாடுகளாக இருக்கமாட்டா. 60,000 சுதந்திர மக்கள் சேர்ந்ததும் அவை பழையனவற்றோடு முற்றிலும் ஒத்த உரிமையுள்ள மாநிலங்களாகலாம் என்று அது கூறிற்று. ஏகாதிபத்தியங்கள் மலிந்த அந்தக் காலத்திலே இது புதுமையான, பெருந்தன்மையான ஏற்பாடு. ஆயினும் பின்னாளைய பிணக்குக்கு வித்தும் இதிலேயே இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் செனற் சபைக்கு இருவரை அனுப்பும். ஆகவே, நாடு வளருந்தோறும் அதிகாரத்தின் தராசிலே ஒரு புதிய எடை வந்து விழும். அது எந்தத் தட்டில் விழும் என்ற கேள்வியை இனித் தவிர்க்கமுடியாது.

தேய்ந்து ஒழியும் என்று எண்ணிய அடிமை முறைக்குப் புத்துயிர் அளித்தது பருத்தி. 1793ஆம் ஆண்டிலே எலி விற்னி என்பவர் பருத்தியிலிருந்து விதையை விரைவாக நீக்கும் பொறியொன்றை அமைத்தார். இங்கிலாந்தின் நூற்பாலைகள் பருத்தி வேண்டி நின்ற காலம் அது. தெற்கிலே காடழித்துப் பருத்தி விளைவித்தவர்களுக்கு நிலமும் வேண்டியிருந்தது, அடிமைகளும் வேண்டியிருந்தனர்.

நிலம் எதிர்பாராத வழியில் வந்து சேர்ந்தது. பிரான்ஸ் தேசத்துக்குச் சொந்தமான சென் டொமிங் தீவிலே அடிமைகள் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையை முறியடித்தனர். அந்தத் தீவே 1804ஆம் ஆண்டு தை முதலாந் திகதி ஹெயிற்றி என்ற பெயரோடு சுதந்திர நாடாயிற்று. தீவை இழந்த நெப்போலியனுக்கு அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்த லூசியானா பயனற்றதாயிற்று. 1803ஆம் ஆண்டிலே 150 இலட்சம் டொலருக்கு அதனை அவர் விற்றார். ஏறக்குறைய 828,000 சதுர மைல் நிலத்தைப் பெற்று, ஒரே கொள்முதலில் அமெரிக்கா இருமடங்காயிற்று. இவ்வாறு நிலம் வாங்க அரசியலமைப்பில் இடமுண்டோ என்று சனாதிபதி தோமஸ் ஜெபர்சனுக்கே ஐயம் இருந்தது, ஆயினும் வாங்கினார். அந்த நிலத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களை ஒருவரும் கேட்கவில்லை. தங்களை விலங்கிட்டவர்களை வென்ற மக்களின் வீரம், வேறோரிடத்தில் அடிமை முறை பரவுவதற்கு வழி திறந்துவிட்டது வரலாற்றின் கொடிய விந்தைகளுள் ஒன்று.

வடக்கும் சும்மா இருக்கவில்லை. 1790ஆம் ஆண்டிலே 3 இலட்சத்து 40 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த நியூ யோர்க் மாநிலம், 1820ஆம் ஆண்டிலே 13 இலட்சத்து 70 ஆயிரம் மக்களோடு வேர்ஜினியாவைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. அல்பனி நகரிலிருந்து பஃபலோ வரை 363 மைல் நீளமான ஈரிக் கால்வாயை அம்மாநிலம் 1817ஆம் ஆண்டிலே வெட்டத் தொடங்கிற்று. வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களிலே சமய ஆர்வமும் கல்வி ஆர்வமும் பொங்கின. 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் வட்டுக்கோட்டையிலே கல்லூரி நிறுவிய அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கமும் நியூ இங்கிலாந்தின் பொஸ்டன் நகரிலிருந்தே இயங்கிற்று. மக்கட்பெருக்கினாற் பிரதிநிதிகள் சபை வடக்கின் கையில் இருந்தது. ஆயினும் 1789ஆம் ஆண்டு தொடக்கம் 1825ஆம் ஆண்டு வரையான 36 ஆண்டுகளில், 32 ஆண்டுகள் சனாதிபதிப் பதவியில் இருந்தவர்கள் வேர்ஜினியாக்காரரே. இது வடக்கத்தியர் மனத்தில் முள்ளாய்த் தைத்தது.

இந்த நிலையிலேதான் லூசியானா நிலத்தின் ஒரு பகுதியாகிய மிசூரி, மாநிலமாகச் சேர விண்ணப்பஞ் செய்தது. 1820ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே ஏறக்குறைய 66,000 மக்கள். அவர்களுள் 10,000 பேர் வரை அடிமைகள். 1819ஆம் ஆண்டு மாசி மாதத்திலே நியூ யோர்க் பிரதிநிதி ஜேம்ஸ் ரால்மட்ஜ் என்பவர் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மிசூரிக்குள் இனிமேல் அடிமைகளைக் கொண்டுவரலாகாது. அது மாநிலமான பின்னர் அங்கே பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை பெறவேண்டும் என்பதே அத்திருத்தம்.

சபை அதிர்ந்தது. இந்த நெருப்பைக் கடல்நீர் முழுவதும் அணைக்கமாட்டாது, இரத்தக் கடலே அணைக்கும் என்று ஜோர்ஜியா மாநிலத்துப் பிரதிநிதி தோமஸ் கொப் எச்சரித்தார். அதற்கு அஞ்சிப் பின்வாங்க ரால்மட்ஜ் மறுத்தார். பிரதிநிதிகள் சபை திருத்தத்தை ஏற்றது. செனற் சபை நிராகரித்தது. வழக்கு அடுத்த ஆண்டுக்குச் சென்றது.

இரு பக்கத்து வாதங்களையும் நாம் நடுநிலையில் நின்று கேட்கவேண்டும். சமவுரிமையுள்ள மாநிலமொன்றின்மீது நிபந்தனை விதிக்கக் கொங்கிரஸ் சபைக்கு அதிகாரமில்லை என்றனர் தெற்கத்தியர். அடிமைகள் பரந்த நிலத்தில் பரவிவிட்டால் அவர்கள் நிலை இலகுவாகும், விடுதலையும் எளிதாகும் என்றுங் கூறினர். வீட்டைப் பெருப்பித்துப் பிணக்கைத் தீர்க்கும் கணக்கு இதுதான். ஜெபர்சனும் இதனை நம்பினார். வடக்கத்தியரோ, ஐந்து அடிமைக்கு மூன்று என்ற விதி மேற்கேயும் பரவினால் தங்கள் வாக்கின் மதிப்புக் குறையும் என்றனர். அவர்களுள்ளும் அடிமைகளின் துயரைவிடத் தம் அதிகாரத்தையே எண்ணியவர்கள் பலர். எனினும் அரசியலமைப்பிற் கைச்சாத்திட்டவர்களுள் ஒருவரான றூபஸ் கிங், செனற் சபையிலே எழுந்து, ஒரு மனிதன் இன்னொருவனை அடிமையாக்குவது இயற்கை நீதிக்கே மாறானது என்று வாதாடினார்.

அப்பொழுது அடிமை முறையுள்ள மாநிலங்கள் 11. அது இல்லாத மாநிலங்கள் 11. இந்தச் சமநிலையைக் காத்தே உடன்பாடு செய்யப்பட்டது. மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து பிரிந்த மெயின் அடிமையற்ற மாநிலமாகச் சேரும். மிசூரி அடிமை மாநிலமாகச் சேரும். லூசியானா நிலத்தின் எஞ்சிய பகுதியில், 36 பாகை 30 கலை அகலக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை என்றும் கூடாது என்பது ஏற்பாடு. 1820ஆம் ஆண்டு பங்குனி மாதம், மிசூரியின்மீது விதித்த தடையைக் கைவிடுவதற்குப் பிரதிநிதிகள் சபையிலே 90 வாக்குகள் ஆதரவாகவும் 87 வாக்குகள் எதிராகவும் விழுந்தன. வடக்கத்தியருள் 14 பேர் தெற்கோடு சேர்ந்தமையாலேயே அது நிறைவேறிற்று.

ஆயினும் பூசல் அத்துடன் ஓயவில்லை. விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் தன் எல்லைக்குள் வந்து குடியேறலாகாது என மிசூரி தன் அரசியலமைப்பில் எழுதிற்று. ஒரு மாநிலத்துக் குடிமகனுக்கு மற்றைய மாநிலங்களிலும் உரிமை உண்டென்ற பொது விதியை இது மீறிற்று. ஹென்றி கிளே என்பார் இருசாராருக்கும் இடையே நின்று, தெளிவற்ற சொற்களால் ஓர் இரண்டாம் உடன்பாட்டை ஒப்பேற்றினார். 1821ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே மிசூரி மாநிலமாயிற்று.

உடன்பாட்டைக் கேட்டு நாடு பெருமூச்சு விட்டது. ஆனால் ஆழ்ந்து நோக்கியவர்கள் அமைதி அடையவில்லை. தாமே அடிமைகளை வைத்திருந்த ஜெபர்சனுக்கு அப்பொழுது வயது 77. இந்தச் செய்தி நள்ளிரவில் ஒலித்த தீ எச்சரிக்கை மணிபோல் தம்மைத் திடுக்கிடச் செய்ததென்றும், இத்தகைய கோட்டை ஒருமுறை வரைந்துவிட்டால் அது அழியாது மேலும் மேலும் ஆழமாகும் என்றும் ஒரு கடிதத்திலே அவர் எழுதினார். இராசாங்கச் செயலாளராயிருந்த ஜோன் குவின்சி அடம்ஸ் உடன்பாட்டை ஏற்றுக்கொண்டவர். அவரும் தம் நாட்குறிப்பிலே, இது துயர நூலொன்றின் முகப்பேடு மாத்திரமே என்ற கருத்தைக் குறித்து வைத்தார்.

அவர்கள் அஞ்சியதே நடந்தது. 1854ஆம் ஆண்டிலே கொங்கிரஸ் அந்தக் கோட்டை நீக்கிற்று. கோட்டுக்கு வடக்கே வாழ்ந்ததைக் காட்டி விடுதலை கோரினார், மிசூரியைச் சேர்ந்த ட்ரெட் ஸ்கொற் என்னும் அடிமை. 1857ஆம் ஆண்டிலே உயர்நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளி, அத்தகைய தடையை விதிக்கக் கொங்கிரஸ் சபைக்கு என்றுமே அதிகாரம் இருந்ததில்லை எனத் தீர்ப்பளித்தது. 1861ஆம் ஆண்டிலே உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறை சட்டப்படி நாடெங்கும் ஒழிந்தது 1865ஆம் ஆண்டு மார்கழியில்.

மிசூரி உடன்பாடு பிழையா, சரியா? அது இல்லாதிருந்தால் ஐக்கிய நாடுகள் 1820ஆம் ஆண்டிலேயே பிளவுண்டிருக்கலாம். அடிமை முறையை வெல்லும் வலிமை வடக்குக்கு அன்று இருந்திராது என்போர் உளர். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கமுடியாது. ஆனால் தவணைக்கு வட்டி உண்டு. அந்த வட்டியைக் கட்டியவர்கள் யார் என்பதே கேள்வி. 1820ஆம் ஆண்டிலே அடிமைகள் 15 இலட்சம். 1860ஆம் ஆண்டிலே 39 இலட்சத்துக்கு மேல். குடியரசின் தொடக்கத்திலிருந்து உள்நாட்டுப் போர் வரை, ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் பழைய தென் மாநிலங்களிலிருந்து புதிய பருத்தி நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் எண்ணற்றோர் தாய் வேறு, பிள்ளை வேறாகச் சந்தைகளில் விற்கப்பட்டனர்.

90 வாக்குக்கும் 87 வாக்குக்கும் இடையே அன்று தீர்மானமானது இவர்களுடைய வாழ்வு. அந்த 177 வாக்குகளுள் இவர்களுடையது ஒன்றுமில்லை.